கடற்கன்னிக்குத் திருமணம் செய்துவைத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழுடன் வந்த சிறுவர் இணைப்பில் ‘குட்டிக் கடற்கன்னி’ என்னும் கதை அழகான வண்ணப் படத்துடன் அரைப் பக்கத்துக்கு வெளியாகியிருந்தது. தலைப்புக்குக் கீழே ‘கிரிம் சகோதரர்கள் திரட்டிய ஜெர்மானிய நாட்டுப்புறக் கதை’ என்று ஒரு வரி இருந்தது. கதையின் கடைசிப் பத்தியில் கடற்கன்னிக்கும் இளவரசனுக்கும் மேளதாளம் முழங்கத் திருமணம் நடந்தது. அந்தக் கதையை எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். அது 1837 ஏப்ரலில் கோபன்ஹேகனில் அச்சாகி வெளிவந்தது. அதில் இளவரசன் மணப்பது வேறொருத்தியை. பெயரும் தவறு, நாடும் தவறு, முடிவும் தவறு. வெறும் எழுத்துப்பிழையாக இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். சிவகாசி அச்சகங்களில் முப்பத்தெட்டு ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவன் நான். எழுத்துப்பிழையைக் கண்டால் எனக்குக் கோபத்தைவிட இரக்கமே முந்திக்கொண்டு வரும்.

என்னை எழுதத் தூண்டியது அதே பக்கத்தில் கதையை ஒட்டி வந்திருந்த கட்டுரை. பழைய தேவதைக் கதைகளில் கொடுமை மலிந்திருக்கிறது, மூலத்தில் உள்ளபடியே அவற்றைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது தகாது, தமிழில் தருகிறவர்கள் தயங்காமல் திருத்தித் தர வேண்டும் என்பது அதன் சாரம். கட்டுரையாளரின் அக்கறையில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அவர் ‘மூலம்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போனதற்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. பல வாய்கள் மாறி வந்ததை ஒருவர் கேட்டு எழுதிவைத்த கதை ஒன்று. ஒரு மனிதர் தம் மேசையில் உட்கார்ந்து, எழுதி, அடித்து, மீண்டும் எழுதித் தம் பெயரைப் போட்டு வெளியிட்ட கதை இன்னொன்று. முன்னதை மாற்றிச் சொல்ல எந்தப் பாட்டிக்கும் உரிமை உண்டு. பின்னதின் முடிவை மாற்றுகிறவர், மாற்றியிருப்பதைச் சொல்லவாவது வேண்டும். நாமோ இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, ‘உலகத் தேவதைக் கதைகள்’ என்று மேலே எழுதி விற்றுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் கிரிம் சகோதரர்களுக்கு வருகிறேன். ‘மூலம்’ என்ற சொல் அங்கேதான் மிகவும் தடுமாறுகிறது. யாகோபும் வில்ஹெல்மும் காசெல் நகரில் இருந்துகொண்டு திரட்டிய கதைகளின் முதல் தொகுதி 1812 டிசம்பரில் வந்தது. அதில் 86 கதைகள். 1815 என்று ஆண்டிட்டு வந்த இரண்டாம் தொகுதியில் 70 கதைகள். தலைப்பில் ‘குழந்தைகள்’ என்ற சொல் இருந்தாலும், அறிஞர்களுக்கான குறிப்புகளைப் பின்னால் சுமந்துகொண்டு, கதைகளுக்குப் படங்கள் இல்லாமல் வந்த நூல் அது. அவர்கள் வாழ்நாளில் அது மொத்தம் ஏழு பதிப்புகள் கண்டது. 1857-இல் வந்த ஏழாம் பதிப்பில் கதைகளின் எண்ணிக்கை 200-ஐத் தொட்டிருந்தது. அவை தவிர பத்துச் சமயக் கதைகளும் இருந்தன. இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளில் இளையவரான வில்ஹெல்ம் பதிப்புக்குப் பதிப்பு கதைகளைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

எப்படித் தொட்டார் என்பதைப் பார்த்தால் கட்டுரையாளருக்கு வியப்பாக இருக்கும். ‘வெண்பனி’ என்று நாம் மொழிபெயர்க்கும் ஸ்னோ ஒயிட் கதையில், 1812 பதிப்பின்படி ஏழு வயதுச் சிறுமியைக் கொல்லச் சொல்லி வேடனை அனுப்புகிற அரசி அவளைப் பெற்ற தாய்தான். 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் தாய் இறந்துபோகிறாள், மாற்றாந்தாய் அரண்மனைக்கு வருகிறாள். ஹான்சல், கிரேத்தல் என்னும் அண்ணன் தங்கையைக் காட்டில் விட்டுவரச் சொன்னவளும் முதலில் சொந்தத் தாயே. அவள் மாற்றாந்தாயாக மாறியது 1840-இல். கோபுரத்தில் அடைக்கப்பட்ட ராபன்சல், 1812-இல், தன் உடைகள் ஏன் இறுகிப்போகின்றன என்று கிழவியிடம் வெள்ளந்தியாகக் கேட்டு அகப்பட்டுக்கொள்கிறாள். இளவரசன் வந்துபோன விவரம் அப்படித்தான் வெளியாகிறது. பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் இது எதற்கு என்று சிலர் முகம் சுளித்ததால், பின்வந்த பதிப்புகளில் அவள், இளவரசனைவிட நீ ஏன் இத்தனை கனக்கிறாய் என்று கிழவியிடமே உளறுகிறவளாக மாற்றப்பட்டாள். பதிப்பாசிரியர் ஒருவரின் வேலையாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான திருத்தம். கதை ஓட்டத்தில் ஓர் இடத்திலும் தையல் தெரியவில்லை. பெண் மட்டும் அறியாப் பிள்ளையாக இருந்தவள் அசடாகிவிட்டாள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்ஹெல்ம் கூச்சப்பட்டது உடலைப் பற்றிய பேச்சுக்கு. தண்டனையைப் பற்றி அவருக்குக் கூச்சமே இல்லை. சிண்ட்ரெல்லாவின் அக்காமார் இருவரின் கண்களையும் புறாக்கள் கொத்திவிடுகிற முடிவைக் கட்டுரையாளர் கொடுமைக்கு எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறார். அந்த முடிவு 1812 பதிப்பில் இல்லை. 1819-இல் சேர்க்கப்பட்டது. ஆக, ‘மூலத்தில் உள்ள கொடுமையை நீக்குங்கள்’ என்று அவர் சொல்கிற கொடுமையே, மூலத்தின் மேல் பின்னால் ஏற்றிய திருத்தம். எந்த மூலத்திலிருந்து எதை நீக்குவது?

இந்தத் திருத்தங்களுக்குப் பின்னால் விற்பனைக் கணக்கும் இருந்தது. 1823-இல் எட்கர் டெய்லர் என்னும் லண்டன் வழக்கறிஞர் சில கதைகளைத் தேர்ந்தெடுத்து, குறிப்புகளைக் குறைத்து, ஜார்ஜ் குருக்ஷாங்க் என்ற கேலிச்சித்திரக்காரரின் படங்களுடன் ஆங்கிலத்தில் வெளியிட்டார். புத்தகம் நன்றாக ஓடியது. அதைக் கண்டு, 1825-இல் கிரிம் சகோதரர்களும் 50 கதைகளை மட்டும் பொறுக்கி, தம் தம்பி லுட்விக் எமில் வரைந்த ஏழு படங்களைச் சேர்த்து ஒரு சிறு பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அவர்களை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது அந்தச் சிறு பதிப்புத்தான். அச்சுத் தொழிலில் இருந்தவனுக்கு இதில் குறை சொல்லத் தோன்றாது. தடித்த புத்தகம் அலமாரியில் உட்கார்ந்துவிடும், மெலிந்த புத்தகம்தான் கை மாறும்.

அவர்களுக்குக் கதை சொன்னவர்களில் ஒருவரை மட்டும் இங்கே குறிப்பிட ஆசைப்படுகிறேன். டோரத்தியா ஃபீமன் என்னும் அந்த அம்மையார் விடுதி நடத்தியவரின் மகள், தையற்காரரின் மனைவி. காசெலுக்கு அருகிலிருந்த சிற்றூரிலிருந்து தோட்டத்துக் காய்கறிகளைக் கொண்டுவந்து நகரத்தில் விற்றவர். ஏறத்தாழ 40 கதைகள் அவர் வாயிலிருந்து வந்தவை. ஒரு கதையை எத்தனை முறை கேட்டாலும் அவர் அதே சொற்களில் சொல்வார், எழுதுகிறவருக்காக நிறுத்தி நிதானமாகத் திருப்பிச் சொல்வார், இடையில் ஒரு சொல் பிசகினால் தாமே நிறுத்தித் திருத்திக்கொள்வார் என்று சகோதரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். என் தொழிலின் ஆதித் தாய் என்று அவரை நான் மனத்துக்குள் கருதிவருகிறேன். அவருடைய முன்னோர் பிரான்சிலிருந்து புகலிடம் தேடி வந்த ஹியூகனாட் என்னும் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களின் வழியினர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘ஜெர்மானிய நாட்டுப்புறக் கதை’ என்று நாம் அழுத்திப் போடுகிற முத்திரை எவ்வளவு தளர்வானது என்பது விளங்கும்.

உண்மையில், ‘பூட்ஸ் போட்ட பூனை’, ‘நீலத்தாடி’ ஆகிய கதைகளை 1812-இல் சேர்த்த சகோதரர்கள், அவை பிரெஞ்சுக்காரரான சார்ல் பெரோவின் கதைகள் என்பதால் அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பெரோவின் தொகுப்பு பாரிசில் 1697-இல் வந்தது. அதில் செந்தொப்பிச் சிறுமியை ஓநாய் விழுங்குவதோடு கதை முடிந்துவிடும். வயிற்றைக் கிழித்து மீட்கும் வேடன் கிரிம் கதையில்தான் வருகிறான். சிண்ட்ரெல்லாவின் கண்ணாடிச் செருப்பும் பூசணிக்காய் வண்டியும் பெரோவிடம் உண்டு, கிரிமிடம் இல்லை; கிரிமிடம் தாயின் கல்லறையில் முளைத்த மரம் உண்டு. சீனத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் துவான் செங்ஷி என்பவர் எழுதிவைத்த கதையில் அதே பெண்ணுக்கு உடை கொடுப்பது ஒரு மீனின் எலும்புகள். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டில் திரட்டிய நாட்டுப்புறக் கதைகளைப் படித்தவர்களுக்கு இப்படிப்பட்ட மாற்றம் எதுவும் புதிதாக இருக்காது. ஒரே தெருவில் இரண்டு ஆச்சிகள் ஒரே கதைக்கு இரண்டு முடிவு சொல்வார்கள், இரண்டும் சரி. ஆகவே, வெண்பனியின் கதையில் அரசி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பில் ஆடிச் சாவதை நீங்கள் விட்டுவிட்டால் நான் வழக்குக்கு வர மாட்டேன். எனக்கு அந்தச் செருப்பு வேண்டும். என் பேத்திக்கும் வேண்டும். அது எங்கள் வீட்டு விருப்பம்.

ஆண்டர்சனிடம் இந்தச் சலுகை செல்லாது. 1805-இல் ஓடென்ஸ் என்னும் ஊரில் செருப்புத் தைக்கும் தந்தைக்கும் துணி வெளுக்கும் தாய்க்கும் பிறந்தவர் அவர். 1835-இல் வந்த அவருடைய முதல் சிறு புத்தகத்தில் இருந்த நான்கு கதைகளில் மூன்று, சிறு வயதில் காதால் கேட்டவற்றை ஒட்டி எழுந்தவைதான்; அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறவராக இருக்கவில்லை. ‘அரசரின் புத்தாடை’ கதையை எடுத்துக்கொள்ளலாம். அதன் வித்து பதினான்காம் நூற்றாண்டு ஸ்பானிய நூல் ஒன்றில் இருக்கிறது. டான் ஹுவான் மானுவேல் எழுதியது. ஆண்டர்சன் அதை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்தார். அவர் எழுதி அச்சுக்கு அனுப்பிய படியில், அரசர் அம்மணமாக ஊர்வலம் போகிறார், ஊரே ஆடையைப் புகழ்கிறது, அவ்வளவுதான். கதை அச்சுக்கோப்புக்குப் போன பிறகு, மெய்ப்பு நிலையில்தான், ‘அவர் உடம்பில் ஒன்றுமே இல்லையே’ என்று கூவுகிற குழந்தையை அவர் உள்ளே கொண்டுவந்தார். உலகம் முழுவதும் மேற்கோளாகப் புழங்குகிற அந்த ஒரு வரி, ஒரு மெய்ப்புத் திருத்தம். மெய்ப்புத் தாளின் ஓரத்தில் கடைசி நேரத்தில் பத்தி பத்தியாகச் சேர்க்கிற எழுத்தாளர்களை வாழ்நாள் எல்லாம் சபித்தவன் நான். இந்த ஒருவருக்காக மற்ற எல்லோரையும் மன்னித்துவிட்டேன்.

அரசரின் புத்தாடை வெளிவந்த அதே சிறு புத்தகத்தில்தான் குட்டிக் கடற்கன்னியும் வந்தாள். தங்கள் இணைப்பில் வந்த கதையில் அவளுக்கு வேண்டியது இளவரசன் மட்டும். ஆண்டர்சனின் கடற்கன்னிக்கு வேண்டியவை இரண்டு: இளவரசன், அவன் மூலம் கிடைக்கும் அழியாத ஆன்மா. கடல்வாழ் மக்கள் 300 ஆண்டுகள் வாழ்ந்து, பிறகு நுரையாகக் கரைந்துபோவார்கள், மனிதர்களுக்கு மட்டுமே சாவுக்குப் பின்னும் ஒன்று மிஞ்சுகிறது என்று அவளுடைய பாட்டி சொல்லக் கேட்டு, அந்த மிச்சத்துக்கு ஏங்குகிறாள். கால்கள் கிடைப்பதற்காக நாக்கை அறுத்துக் கொடுக்கிறாள். எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியும் கத்தியின் மேல் நடப்பதுபோல் இருக்கும் என்று தெரிந்தே கொடுக்கிறாள். தன் உயிரைக் காத்தவள் இன்னொருத்தி என்று நம்பி இளவரசன் அவளை மணந்துகொள்கிறான். உண்மையைச் சொல்ல இவளிடம் நாக்கு இல்லை. அக்காமார் தங்கள் கூந்தலைச் சூனியக்காரிக்குக் கொடுத்து ஒரு கத்தியை வாங்கிவந்து நீட்டுகிறார்கள்: விடிவதற்குள் அவனைக் குத்தினால் நீ திரும்பி வந்துவிடலாம். அவள் மணமக்கள் தூங்கும் கூடாரத்துக்குள் போகிறாள், குனிந்து அவன் நெற்றியில் முத்தமிடுகிறாள், கத்தியைக் கடலில் எறிந்துவிட்டுத் தானும் குதிக்கிறாள். நுரையாகிறாள். நுரையிலிருந்து காற்றின் புதல்விகள் அவளை மேலே தூக்கிக்கொள்கிறார்கள். 300 ஆண்டுகள் நல்லது செய்தால் ஆன்மா அவளுக்குத் தன் முயற்சியாலேயே கிடைக்கும்.

எழுதும்போது கதைக்கு அவர் வைத்திருந்த தலைப்பே ‘காற்றின் புதல்விகள்’ என்பதுதான். அதாவது, இறுதிக் காட்சி மனத்தில் இருந்துதான் முழுக் கதையும் பின்னோக்கி எழுந்திருக்கிறது. அதை அறுத்துவிட்டால் முன்னால் உள்ள நாக்கும் கத்தியும் காரணமற்ற கொடுமைகளாக நிற்கும். பிறகு அவற்றையும் அறுக்க வேண்டிவரும். தங்கள் இணைப்பில் அப்படித்தான் நடந்திருக்கிறது: நாக்குக்குப் பதிலாகக் குரல் ஒரு சங்குக்குள் போய்விட்டது. திருமண முடிவு டிஸ்னி நிறுவனம் 1989-இல் வெளியிட்ட சித்திரப் படத்திலிருந்து வந்திருக்க வேண்டும். டிஸ்னிக்காரர்கள் தங்கள் படத்துக்குத் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள்; அது அவர்களுடைய கதை. அந்தக் கதையின் மேல் கிரிம் பெயரை ஒட்டியதற்கு மட்டும் எந்தச் சமாதானமும் எனக்குத் தோன்றவில்லை. காற்றின் புதல்விகள் பகுதி உபதேசமாக இருக்கிறது, கதை நுரையோடு முடிந்திருக்கலாம் என்று எனக்கே ஒரு மனக்குறை உண்டு. அதற்காக அதை வெட்டும் உரிமை எனக்கு வந்துவிடாது.

வெட்டியிருக்கிறேன் என்பதால்தான் இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன். 1980-களில் நான் வேலை பார்த்த அச்சகம் ஒன்றில் சிறுவர் கதைப் புத்தகங்கள் வரிசையாக அச்சாயின. ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம். ஒரு கதைக்கு ஒரு ஃபாரம். அதற்கு மேல் காகிதம் கிடையாது. ஆண்டர்சனின் ‘தீக்குச்சி விற்ற சிறுமி’ கதையைத் தமிழில் சுருக்கி, பெரிய எழுத்தில் கோத்துப் பார்த்தபோது பதினாறாம் பக்கத்தில் பதினொரு வரி ஏறியது. அந்தப் பக்கத்தில் பதிப்பாளருடைய மற்ற வெளியீடுகளின் விலைப்பட்டியல் வந்தே ஆக வேண்டும். ‘பார்த்துச் சரிக்கட்டுங்கள்’ என்றார்கள். நான் பார்த்தேன். வெறுங்காலோடு பனியில் உட்கார்ந்திருக்கும் சிறுமி குச்சி குச்சியாகக் கொளுத்துகிறாள். முதல் குச்சியில் கணப்படுப்பும், இரண்டாவதில் முதுகில் கத்தியும் முள்கரண்டியும் குத்தியபடி தட்டிலிருந்து இறங்கி நடந்துவரும் வாத்து வறுவலும், மூன்றாவதில் விளக்கேற்றிய மரமும் தெரிகின்றன. கடைசியில் இறந்துபோன பாட்டி தெரிகிறாள். பாட்டி மறைந்துவிடக் கூடாது என்று கையில் மிச்சமிருந்த குச்சிகளை எல்லாம் ஒன்றாகக் கொளுத்துகிறாள். பாட்டி அவளை அள்ளி அணைத்துக்கொள்கிறாள். அந்த வரி பதினைந்தாம் பக்கத்தின் அடியில் விழுந்தது. அங்கே ‘முற்றும்’ என்று போட்டுவிட்டேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. மறுநாள் காலையில் சுவரோரம் அவள் விறைத்துக் கிடப்பதும், கருகிய குச்சிகளும், பாவம் குளிர் காயப் பார்த்திருக்கிறாள் என்று வழிப்போக்கர்கள் சொல்வதும் பட்டியலுக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டன. புத்தகம் பல ஆயிரம் படிகள் போயிற்று. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர், அந்தச் சிறுமி பாட்டி வீட்டில் சுகமாக இருப்பதாக நம்பி வளர்ந்திருப்பார்கள்.

அந்தக் கதை பிறந்த விதம் எங்கள் ஊருக்கு மிகவும் பொருத்தமானது என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. 1845-இல் டென்மார்க்கில் நாட்காட்டி வெளியிடும் ஒருவர் ஆண்டர்சனுக்கு மூன்று படங்களை அனுப்பி, ஏதாவது ஒன்றுக்குக் கதை எழுதித் தரக் கேட்டார். கையில் தீக்குச்சிக் கட்டுடன் நின்ற சிறுமியின் படத்தை அவர் எடுத்துக்கொண்டார். 1846-ஆம் ஆண்டு நாட்காட்டியில் கதை வெளியானது. நாட்காட்டி, அச்சு, தீக்குச்சி. பட்டாசு ஒன்றுதான் பாக்கி.

பணி ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துவருகிறேன். சென்ற ஆண்டு இந்தக் கதையை, வெட்டிய பதினொரு வரிகளையும் சேர்த்து, முதன்முறையாக முழுதாக வாசித்தேன். உள்ளூரப் பயந்துகொண்டுதான் வாசித்தேன். முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன், அந்த ஊரில் ஒரு கட்டுக் குச்சி என்ன விலை என்று கேட்டான். இன்னொரு பிள்ளை, எங்க ஆச்சியும் சின்ன வயசுல தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவங்கதான் என்றது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை மட்டும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்துவிட்டு, “தாத்தா, காலைல வந்து பாவம்னு சொன்னாங்களே, அவங்க முந்தின நாளே ஆளுக்கு ஒரு கட்டு வாங்கியிருக்கலாம்ல?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. நான் தயாரித்த பதினாறு பக்கப் புத்தகத்தைப் படித்த ஒரு பிள்ளைக்கும் இந்தக் கேள்வி எழுந்திருக்க வழியில்லை. காலையில் வருகிறவர்களே அதில் இல்லையே.

முடிவை மாற்றக் கூடாது என்று நான் ஒரேயடியாக அடம்பிடிப்பதாக நினைத்துவிட வேண்டாம். கார்லோ கொல்லோடி 1881-இல் இத்தாலியச் சிறுவர் இதழ் ஒன்றில் பினோக்கியோவைத் தொடராக எழுதியபோது, பதினைந்தாம் அத்தியாயத்தில் அந்த மரப்பொம்மையை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார். வாசகப் பிள்ளைகள் விடவில்லை, இதழாசிரியரும் விடவில்லை. மறு ஆண்டு அவரே பொம்மையை இறக்கி, உயிர் கொடுத்து, மேலும் இருபத்தொரு அத்தியாயங்கள் எழுதினார். 1883-இல் புத்தகமாக வந்தது அந்த நீண்ட கதை. மாற்றியவர் எழுதியவர், கேட்டவர்கள் படித்தவர்கள், நடந்தது அச்சில், எல்லோர் கண்ணெதிரிலும். இதற்கு யார் மறுப்புச் சொல்வார்கள்?

கொடுமை இல்லாத கதைதான் வேண்டும் என்றால் அதற்கும் ஆள் இருக்கிறார். அமெரிக்கரான ஃபிராங்க் பாம், 1900-இல் வெளியிட்ட ‘ஓஸ் நாட்டு மந்திரவாதி’ நூலின் முன்னுரையில், பழைய தேவதைக் கதைகளின் வியப்பையும் மகிழ்ச்சியையும் வைத்துக்கொண்டு மனவேதனையையும் கெட்ட கனவுகளையும் விட்டுவிட்டதாகத் தாமே எழுதியிருக்கிறார். கட்டுரையாளர் ஆண்டர்சன்மேல் கத்தரியை வைப்பதைவிட பாமை முழுதாகத் தமிழில் தரச் சொல்லலாம். (பாமின் தகர மனிதன் ஒரே மூச்சில் நாற்பது ஓநாய்களின் தலையைக் கோடரியால் வெட்டித் தள்ளுகிறான் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.)

இந்தக் கதைகளின் பெயர்கள் நம்மிடையே இவ்வளவு எளிதில் உதிர்ந்துபோவதற்கு ஒரு காரணம், கேட்பதற்கு ஆள் இல்லாதது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. ஆண்டர்சன் இறந்தது 1875-இல். பீட்டர் பான் கதையை மட்டும் அதை எழுதிய ஜே. எம். பாரி 1929-இல் லண்டனில் உள்ள குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்கு எழுதிவைத்தார். காப்புரிமைத் தொகை அந்த மருத்துவமனைக்குத் தொடர்ந்து கிடைக்கும்படி பிரிட்டனில் 1988-இல் சட்டமே செய்தார்கள். மற்றவர்களுக்காக வாதாட ஒருவரும் வரப்போவதில்லை. பணம் கேட்க ஆள் இல்லாத இடத்தில் பெயரும் போய்விடுகிறது. ஆசிரியரின் பெயரோடு மொழிபெயர்ப்பாளரின் பெயரும் சேர்ந்து போகிறது. தங்கள் இணைப்பில் வந்த கதையைத் தமிழில் எழுதியவர் யார் என்று தேடிப் பார்த்தேன். ஓவியரின் கையெழுத்து மட்டும் படத்தின் மூலையில் இருந்தது.

தாங்கள் செய்யக்கூடியது சிறிய காரியம். கதையின் அடியில் ஒரே ஒரு வரி: எழுதியவர் அல்லது திரட்டியவர் இன்னார், இன்ன ஆண்டு, இன்ன மொழி வழியாகத் தமிழில் இன்னார். வெட்டியிருந்தால் ‘சுருக்கம்’ என்று ஒரு சொல். முடிவை மாற்றியிருந்தால் அதையும் ஒளிக்காமல் போட்டுவிடலாம். வேறு முடிவு ஒன்று எங்கோ இருக்கிறது என்று தெரிந்தால் தேடிப் போகிற பிள்ளை போகும். எட்டுப் புள்ளி எழுத்தில் கோத்தால் இதற்கு அரை அங்குல உயரம்கூட ஆகாது. படத்தை அந்த அளவுக்குச் சுருக்கினால் ஓவியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் பதினாறு பக்கப் புத்தகத்தின் ஒரு படி இன்னும் என்னிடம் இருக்கிறது. விலைப்பட்டியலின் மேல், விட்டுப்போன பதினொரு வரிகளைத் தனித்தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நூலகத்தில் அதைப் பார்த்துத்தான் வாசித்தேன். கடற்கன்னியின் கதைக்கும் அதேபோல், கத்தியை எறிவதிலிருந்து காற்றின் புதல்விகள் வரையிலான முடிவை ஏறத்தாழ 200 சொற்களில் எழுதி இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். எனக்கு டேனிஷ் தெரியாது. ஆங்கிலத்தின் வழியாகவே மொழிபெயர்த்தேன். தாளின் தலைப்பில் அதையும், ‘சுருக்கம்’ என்ற சொல்லையும் குறித்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் இடம் இருந்தால் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
சிவகாசி.